ஃபிட்டரின் உள்ளங்கை

முடங்கியார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வாழ்நாளில் பாதியை நூற்பாலையின் மெயின்டனன்ஸில் கழித்தவர். கார்டிங்கும் பார்த்திருக்கிறார், ரிங் ஃப்ரேமும் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் கட்டைப் பென்சிலும் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் தடித்த சத்தம் ஏறும், மெல்லிசான சத்தம் ஏறாது. லாரி போனால் தெரியும். வேப்பமரத்தில் அணில் கத்தினால் தெரியாது.

அவரிடம்தான் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, சன்ரூஃப்ல ஒரு சத்தம் வருது" என்றான்.

"என்னது?"

"சத்தம் மாமா. மேல, கண்ணாடிகிட்ட. ரோடு மோசமா இருந்தா டக்டக்குன்னு..."

"என்ன ரோடு?"

வாசல்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தினார். உள்ளங்கையைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரலால் அதன் அடியில் தட்டிக் காட்டினார். ஃபிட்டருக்குப் புரிந்துவிட்டது. "கூரையில லொடலொடங்குதா? அதச் சொல்லு."

அத்தையும் மில்லில் வைண்டிங் பார்த்தவர். அந்த வீட்டில் பாதிப் பேச்சு கையில்தான் நடக்கும். காபி வேண்டுமா, கேஸ்காரன் வந்தானா, மாத்திரை போட்டாச்சா, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. ஷெட்டுக்குள் பிழைக்கக் கற்றுக்கொண்ட பாஷை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்குச் சோறு போட்டது நூல்தான். அந்த நூல் வரும் இடத்தின் இரைச்சல் வெளியாளுக்குத் தெரியாது. ஒரு ரிங் ஃப்ரேமில் நூற்றுக்கணக்கில் ஸ்பிண்டில்கள், இன்றைய வேகத்தில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று சட்டம் சொல்கிறது. இந்த வகை இரைச்சல் காதில் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தங்களை. பேச்சின் கூர்மை, பறவை, அழைப்புமணி இவையெல்லாம் போய்விடும். தடதடப்பு மட்டும் மிஞ்சும். ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது வெள்ளை நாயைப் பற்றி. அந்த நாய்களிலும் பிறவிச் செவிடு கொஞ்சம் அதிகம் என்பார்கள் வளர்ப்பவர்கள். ஊர் ராசி போலிருக்கிறது.

எதிர்த் திண்ணையில் பேப்பர் படிப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கதையைச் சொன்னான். சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கிறான். ஒரு நாள் வைத்திருந்து, ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று கொடுத்துவிட்டார்கள். மறுபடி போனதற்கு, கண்ணாடி, மோட்டார், தண்டவாளம் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியையும் மாற்றினால் போய்விடும் என்றிருக்கிறார்கள். தொகையைக் கேட்டு அத்தை கீரையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

ஃபிட்டர் தொகையைக் கேட்டாரோ இல்லையோ, காரின் நான்கு கதவையும் திறந்தார். "முதல்ல உள்ள இருக்கிற லொட்டு லொசுக்க எல்லாம் வெளிய எடு."

எடுத்தான். திண்ணையில் ஒரு கடை பரப்பியதுபோல் ஆனது: டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார், சுங்கச்சாவடிச் சில்லறை, கதவுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டில்கள், ஒரு குடை, பின்னால் ஜாக்கி, ஸ்பானர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு. கண்ணாடிக்கு மேலே மூக்குக்கண்ணாடி வைக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தால் ஒரு கூலிங்கிளாஸ். ஃபிட்டர் அந்தப் பெட்டியை மூடி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி தட்டி, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "பாதிச் சத்தம் இதாத்தான் இருக்கும்."

பிறகு தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். "சார், சும்மாதான உக்காந்திருக்கீங்க? பின்னாடி ஏறுங்க. ஆள் வெயிட் வேணும். வண்டி பாரம் ஏறினா பாடி ஒரு நூல் முறுக்கும், சத்தம் மாறும்."

ஏறினேன். மாப்பிள்ளையின் ஏழு வயதுப் பெண் எனக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஏசி நிறுத்தம், பாட்டு நிறுத்தம், கண்ணாடிகள் மேலே. ஃபிட்டர் முன் சீட்டில் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்து வாயில் விரலை வைத்தார். சத்தம் வரும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் விரலை மட்டும் தூக்க வேண்டும். எனக்கு வசதியான ஏற்பாடு.

முடங்கியார் சாலை மேற்கே அய்யனார் கோவிலைப் பார்த்துப் போகிறது. தோப்புகள், மாம்பழக் கிடங்குகள், வேகத்தடைகள். வேகத்தடை என்றால் அளவாய்க் கட்டியது இல்லை. அந்தந்தத் தெருக்காரர் கோபத்துக்கு ஏற்ற உயரம். முதல் தடையில் வண்டி ஏறி இறங்கியதும் மாப்பிள்ளையின் இடது கை விரல் ஸ்டீரிங்கை விட்டு மேலே போனது. ஃபிட்டர் உள்ளங்கையைக் கூரைத் துணியில் பதித்தார். அடுத்த தடை, விரல், கை கொஞ்சம் நகர்ந்தது. அடுத்தது. மாப்பிள்ளை வலது மூலையைக் காட்டினான். அங்கிருந்துதான் வருகிறது என்று அவன் காது சொல்கிறது. ஃபிட்டர் கை அங்கே போய், ஒரு பள்ளத்தில் காத்திருந்து, தலையை ஆட்டிவிட்டு எதிர்ப் பக்கம் வந்தது.

காருக்குள் காதை நம்பக் கூடாது என்பது உண்மை. நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே தகரம். ஒரு மூலையில் பிறந்த சத்தம் மூன்று இடத்தில் மோதி வேறொரு மூலையில் வந்து இறங்கும். சர்வீஸ் சென்டர் ஆட்கள் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் காதுதான் இருந்தது. மில்லில் பேரிங் கத்தினால் ஸ்க்ரூட்ரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவார்கள். ஆயிரம் ஸ்பிண்டில் கத்தும் ஷெட்டில் கெட்ட ஒன்றைப் பிரிக்க அதுதான் வழி. இங்கே ஸ்க்ரூட்ரைவருக்குப் பதில் கை.

திரைச்சீலையைத் தள்ளச் சொன்னார். மேலே வானம் வந்தது. ஃபிட்டர் கண்ணாடியின் இடது முன் மூலையில் நான்கு விரலையும் வைத்து அழுத்தினார். வேகத்தடை. மாப்பிள்ளை விரல் தூக்கவில்லை. கையை எடுத்தார். அடுத்த தடையில் தூக்கினான். மறுபடி அழுத்தினார், தூக்கவில்லை.

"வீட்டுக்கு விடு" என்றார்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை பெருமைக்காகக் கண்ணாடியை முழுக்கத் திறந்தான். பதினோரு மணி வெயில் நால்வர் உச்சந்தலையிலும் இறங்கியது. கூடவே ஆடிக் காற்றும் அது கொண்டுவந்த புழுதியும். அரை நிமிடத்தில் மூடிவிட்டான். கூரையைத் திறக்கும் கார்கள் 1930களிலேயே ஐரோப்பாவில் ஓடின; அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1937இல் கொண்டுவந்தது. வருடத்தில் பாதி நாள் வெயிலுக்கு ஏங்கும் ஊர்க்காரர்களின் ஆசை அது. நம் பக்கம் அது விலைப்பட்டியலில் ஒரு படி மேலே ஏறியதற்கான அடையாளம், அவ்வளவுதான். வண்டியின் உச்சியில் சில பத்துக் கிலோ கண்ணாடியையும் இரும்பையும் சுமந்துகொண்டு, வருடம் முழுக்கத் திரையை இழுத்து மூடி ஓட்டுகிறோம். குழந்தையைச் சீட்டில் ஏற்றி நிறுத்தித் தலையை வெளியே நீட்டவிடுவது ஒன்றுதான் பலரும் கண்ட உபயோகம். ஒரு திடீர் பிரேக் போதும். அதற்குப் போலீஸ் அபராதம் போட்டால் தப்பே இல்லை.

வேப்பமர நிழலில் வேலை ஆரம்பமானது. ஃபிட்டர் கேட்ட முதல் பொருள் ஸ்பானர் இல்லை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர். போன வாரத் தாள்கள் ஆணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒரு தாளைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்து மூடச் சொன்னார், இழுத்தார். வலது பக்கம் தாள் வரவில்லை. பலமாக இழுத்ததில் ராகுகாலம் ஒரு கையிலும் எமகண்டம் ரப்பரிலுமாகக் கிழிந்தது. பின் ஓரம் முழுக்க இறுக்கம். இடது முன் மூலையில் தாள் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை அதைத் தானும் ஒருமுறை செய்து பார்த்தான். அவனால் நம்ப முடியவில்லை.

"அந்த மூலையில கண்ணாடி ரப்பர்ல உக்காரல. பள்ளத்துல விழுந்தா தானா எழும்பி எழும்பி அடிக்குது. அசெம்பிளி நல்லாத்தான் இருக்கு."

அடுத்து ரிமோட் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். தண்டவாளத்துக்குள் விரல் இருக்கும்போது எவனாவது பட்டனைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. மில்லில் மெஷினில் கை வைக்கும் ஆள் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான், அந்தப் பழக்கம்.

திறந்த கூரையின் ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடுகிறது. சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை, தடுக்க வேண்டியதுமில்லை. உள்ளே வரும் கொஞ்ச நீரை இந்தக் கால்வாய் பிடித்து, நான்கு மூலையிலும் உள்ள குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கிக் கீழே விட்டுவிடும். காரை அருவிக்கடியில் நிறுத்தி வீடியோ எடுத்து, உள்ளே ஒழுகுகிறது என்று சண்டை போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது. இந்தக் கால்வாயில் செம்மண், காய்ந்த வேப்பிலை, ஒரு செத்த குளவி, பழைய கிரீஸில் ஊறிப் பசையாகிவிட்ட புழுதி. ஃபிட்டர் பரணிலிருந்து ஒரு பொட்டலம் வேஸ்ட் காட்டன் இறக்கினார். ஓய்வு பெற்றபோது மில்லிலிருந்து வந்த ஒரே சீதனம் என்றார் அத்தை. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் பஞ்சுமாக இரண்டு தண்டவாளத்தையும் துடைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டியது. இடது பக்கம் வரவில்லை. மாப்பிள்ளை டயருக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்தான். கையை ஆட்டித் தடுத்துவிட்டார். காற்று பலமாகப் போனால் குழாய் உள்ளேயே கழன்றுகொள்ளும், அப்புறம் தண்ணீர் தரை விரிப்பில்தான் இறங்கும். தடித்த தூண்டில் நரம்பை மெல்ல உள்ளே விட்டு, சுழற்றி, இழுத்தார். கறுப்பாக ஒரு வேப்பிலைக் காம்பு வந்தது. பின்னாலேயே தண்ணீர்.

கண்ணாடியை அதன் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள் இரு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கின்றன. நட்சத்திரத் தலை. மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கிய புத்தம் புது கீ செட்டைப் பிரித்தான். வலது பக்க ஸ்க்ரூக்கள் அசையவில்லை. இடது முன் ஸ்க்ரூ, கீயை வைத்ததும் கை பலமே இல்லாமல் கால் சுற்று சுற்றியது. ஃபிட்டர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்துச் சுட்டுவிரலைக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தத் தொகையை நினைத்திருப்பார்.

தளர்ந்த ஸ்க்ரூவை அப்படியே இறுக்கிவிடுவார் என்று நினைத்தேன். அங்கேதான் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த லீஃப் கேஜை வெளியே எடுத்தார். கார்டிங் மெஷினில் சிலிண்டருக்கும் ஃப்ளாட்டுக்கும் இடையே பத்துத் தௌ, அதாவது கால் மில்லிமீட்டர், இடைவெளி வைப்பதற்கான தகடுகள் அவை. ஒரு சின்ன இரும்பு ஸ்கேலைக் கூரைத் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே நிறுத்தி, அடியில் தகட்டை விட்டு விட்டுப் பார்த்தார். முன் ஓரம் கூரைக்குச் சமமாகவோ மயிரிழை தாழ்ந்தோ இருக்கலாம். பின் ஓரம் சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ இருக்கலாம். முன்னே எழும்பி நின்றால் எதிர்க்காற்று அந்த உதட்டில் மோதி விசில் அடிக்கும். இடது முன் மூலை தேவைக்கு மேல் தாழ்ந்து கிடந்தது. மாப்பிள்ளை உள்ளிருந்து உள்ளங்கையால் மேலே தள்ள, ஃபிட்டர் வெளியே தகட்டைப் பிடிக்க, "இன்னும்... போதும்... பிடி" என்பதெல்லாம் தலையசைப்பிலேயே நடந்தது. ஸ்க்ரூவின் மரையைத் துடைத்து நீலநிற லாக் திரவம் ஒரு சொட்டு. சிவப்பு நிறத்தில் விற்பதைப் போட்டால் பிறகு சூடு காட்டாமல் கழலாது. நீலம் என்றால் சாதாரணக் கைக் கருவியாலேயே கழற்றலாம்.

இதற்குள் தெருவில் நான்கு ஆலோசகர்கள் கூடியிருந்தார்கள். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். கிரீஸ், மண்ணெண்ணெய், முகப்பவுடர் என்று மற்றவர்கள். ஃபிட்டர் பவுடரைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் முகத்தைச் சுளித்தார். மினரல் எண்ணெய் இந்த வகை ரப்பரை ஊத வைத்துவிடும். ஸ்பின்னிங் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஃப்ரேமின் மேல் ரோலர் ரப்பரை எண்ணெய்க் கையால் தொட்டால் பஞ்சு சுற்றிக்கொள்ளும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். சிலிகான் கிரீஸைப் பட்டாணி அளவு பஞ்சில் எடுத்து, ரப்பர் உதட்டில் பளபளப்புத் தெரியாத அளவுக்குத் தேய்த்தார். காற்றுத் தடுப்பின் கைகள் தகரத்தில் தொடும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் டேப்.

சாவி மடியிலிருந்து வெளியே வந்தது. பட்டனை அழுத்தினான். கண்ணாடி பாதி வந்து நின்றது. அப்புறம் தானாகவே பின்னால் போய்விட்டது. மாப்பிள்ளை முகம் வெளிறியது. "மாமா, மோட்டார் போச்சு!"

மோட்டார் போகவில்லை. விரல் சிக்கினால் திரும்பிப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இறுக்கம் மாறியதும் ஏதோ சிக்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டது. கையேட்டில் அதற்கு வழி இருந்தது: மூடும் பக்கம் பட்டனை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடித்தான். கண்ணாடி மூடி, ஒரு குலுங்கு குலுங்கி, தானே முழுக்கத் திறந்து, தானே மூடி நின்றது. ஃபிட்டர் புருவத்தை உயர்த்தினார். அன்றைய வேலையில் அவருக்குப் புதிதாக இருந்தது இது ஒன்றுதான்.

லாக் திரவம் இறுகட்டும் என்று மறுநாள் காலைதான் வண்டியை எடுத்தார்கள். சோதனை ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆடிப்பூரம் நெருங்குகிறது, அத்தைக்கு ஆண்டாளைப் பார்க்க வேண்டும். எடை குறையாமலிருக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இடது பக்கம் மலை மேகத்துக்குள் இருந்தது. சாலை வெட்டிப்போட்ட இடத்திலெல்லாம் வண்டி விழுந்து எழுந்தது. மாப்பிள்ளை விரல் ஸ்டீரிங்கை விட்டு எழவே இல்லை. மடவார் வளாகம் தாண்டும்போது ஃபிட்டர் கூரையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது சின்னப் பெண் விரலைத் தூக்கினாள்.

"என்னடி?"

"கீச்சுங்குது. பின்னாடி."

மாப்பிள்ளை காதைத் தீட்டிப் பார்த்தான். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபிட்டர் கையை நீட்டிப் பின் ஓரத்தைத் தொட்டார். கையிலும் ஒன்றும் இல்லை. மெல்லிய கீச்சு உள்ளங்கைக்கு எட்டும் சத்தம் இல்லை போலும். ஆனால் பிள்ளை சொன்னதை அவர் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. பதினொரு நிலைக் கோபுரம் 192 அடிக்கு எழுந்து நிற்கும் வீதியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கண்ணாடியைத் திறக்கவைத்து, அவளைச் சீட்டில் நிற்கவைத்து, "எங்கன்னு தொட்டுக் காட்டு" என்றார். காட்டினாள். அந்த மூலையில் ஒரு சாண் ரப்பர் வெளுத்து வறண்டு கிடந்தது, நேற்றுப் பஞ்சு அங்கே எட்டவில்லை. பையிலிருந்து சிலிகான் ட்யூப் வெளியே வந்தது.

அத்தை கோவிலுக்குள் போய்விட்டு வரும்வரை பெரிய தேரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தச்சர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மரச்சக்கரக் காலத்தில் அது நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும் என்றும், இரண்டு தெரு தள்ளியே அச்சு முனகுவது கேட்கும் என்றும் ஃபிட்டர் மாப்பிள்ளையிடம் சொன்னார். இப்போது இரும்புச் சக்கரம். "ஆனாலும் மேல இருக்கிற மரக்கட்டெல்லாம் ஆடணும். கயித்துக் கட்டு அதுக்குத்தான். ஆடாம நின்னா முறிஞ்சிரும்" என்றார். பிறகு காரைப் பார்த்து, "இதுக்கு அந்த வேலையத்தான் ரப்பர் பாக்குது" என்றார். பால்கோவா வாங்கினார்கள், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடைப் பலகையிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது. அத்தை பழைய கடையில்தான் வாங்கினார். திரும்பும்போது சின்னப் பெண் பால்கோவாவில் மும்முரமாக இருந்தாள். ஃபிட்டர் இரண்டு முறை திரும்பி அவள் கையைப் பார்த்தார். விரல் எழவில்லை.

வீடு வந்தபோது, நேற்றுத் தேங்காய் எண்ணெய் சொன்னவர் தன் காரோடு தெருமுனையில் காத்திருந்தார். பின் கதவில் ஏதோ கறகறக்கிறதாம், ஆறு மாதமாக. இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போக, ஃபிட்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை கையை ஆட்டிக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழம வாங்க, வெயில் ஏறுறதுக்கு முந்தி" என்றார் ஃபிட்டர். "வர்றப்ப காது கேக்குற ஆளு ஒண்ணக் கூட்டிட்டு வாங்க. சின்னப் புள்ளையா இருந்தா நல்லது."